வந்தியத்தேவி கடம்பூருக்குப் போன கதை

சென்ற தவணை எங்கள் வகுப்பில் ஒரு மீசையால் பிரச்சினை வந்தது.

தமிழ் மன்றத்துக்காகக் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலிலிருந்து ஒரு காட்சியை நாடகமாக்கத் தீர்மானித்திருந்தோம். கடம்பூர் மாளிகைக் காட்சி. வந்தியத்தேவன் எனக்குக் கிடைத்த பாத்திரம். பெண்கள் கல்லூரியில் ஆண் பாத்திரங்களையும் நாங்கள்தானே நடிக்க வேண்டும்? கண்மைப் பென்சிலால் மீசை கீறிக்கொண்டு வீட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நின்று வசனம் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உம்மா அறைக்குள் வந்தார். ஏசவில்லை, சிரிக்கவும் இல்லை. “மகள், ஆம்புள வேஷம் போடப்படாதெண்டு ஹதீஸ் இருக்கெல்லா?” என்று மட்டும் கேட்டார்.

இருக்கிறதுதான். ஆண்களைப் போல் நடந்துகொள்ளும் பெண்களையும் பெண்களைப் போல் நடந்துகொள்ளும் ஆண்களையும் நபியவர்கள் (ஸல்) சபித்ததாக ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. மேடையில் பத்து நிமிடம் போடும் வேஷமும் அதில் அடங்குமா என்பதை மார்க்கம் கற்றவர்கள்தான் சொல்ல வேண்டும். பதினேழு வயதில் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. உம்மாவின் முகம் வாடியதே எனக்குப் போதுமாக இருந்தது. மீசையைக் கழுவிவிட்டு, மறுநாள் வகுப்பில் விடயத்தைச் சொன்னேன்.

பாத்திரத்தை இன்னொருத்திக்குக் கொடுப்பதா, காட்சியையே மாற்றுவதா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். என் பக்கத்து மேசைக்காரி மட்டும் அப்பம் சாப்பிட்டுக்கொண்டே, “அப்ப வந்தியத்தேவனப் பெண்ணாக்கிருவமே. இவள் வேஷமே போடத் தேவயில்ல” என்றாள்.

எல்லோரும் சிரித்தோம். டீச்சர் சிரிக்கவில்லை. “செய்து பாருங்கள். ஆனால் பெயரை மட்டும் மாற்றிவிட்டு வராதீர்கள். கதை எங்கே நிற்கிறது, எங்கே விழுகிறது என்று குறித்துக்கொண்டு வாருங்கள்” என்றார். அந்தக் குறிப்புத்தான் இந்தக் கட்டுரையாக வளர்ந்தது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நாங்களும் ஆரம்பத்தில் குழம்பினோம். நடிப்பவர் பால் மாறி நடிப்பது ஒன்று. நமது கிழக்கு மாகாணக் கூத்துகளில் திரௌபதியாக ஆடியவர்கள் ஆண்கள். 1935இல் வந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராக நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள். 1941இல் ‘சாவித்திரி’யில் நாரதராக வந்தவர் எம்.எஸ். சுப்புலட்சுமி. இவற்றில் பாத்திரம் மாறவில்லை. நந்தனார் ஆண்தான், நாரதரும் ஆண்தான். கதைக்குள்ளேயே ஒரு பாத்திரம் வேடம் பூணுவது இன்னொன்று. ‘வெனிஸ் வணிகன்’ கதையில் போர்ஷியா வக்கீலாக உடுத்து வருகிறாள்; அருச்சுனன் விராட நகரில் பிருகன்னளையாக ஒளிந்திருக்கிறான். அங்கேயும் உள்ளே இருக்கும் ஆள் அதே ஆள்தான், வேடம் ஒருநாள் கலைந்துவிடும்.

நாங்கள் செய்யப் போனது இவை இரண்டும் அல்ல. பாத்திரம் பிறக்கும்போதே மறுபாலாகப் பிறந்திருந்தால் என்ற கேள்வி அது. இன்றைக்கு உலகம் முழுவதும் கதைகளின் ரசிகர்கள் இதை ஒரு விளையாட்டாகவே செய்கிறார்கள். தமக்குப் பிடித்த நாயகனை நாயகியாக வரைவார்கள். ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, எழுதிவைத்த வசனம் இல்லாமல், அந்தப் பாத்திரமாகவே பேசிக் கதையை நகர்த்துவார்கள். ‘ரோல்பிளே’ என்பது அதைத்தான். ‘அட்வெஞ்சர் டைம்’ என்ற அமெரிக்கக் கேலிச்சித்திரத் தொடரில் ஃபின் என்ற சிறுவன்தான் நாயகன். அந்தத் தொடரில் பணிபுரிந்த நடாஷா அலெக்ரி என்ற ஓவியர் அவனை ஃபியோனா என்ற சிறுமியாக வரைந்து பார்த்தார். படங்கள் பரவி, 2011இல் ஃபியோனாவுக்கென்றே ஓர் அத்தியாயம் வந்தது. 2023இல் அவளுக்குத் தனித் தொடரே வந்துவிட்டது. ஷெர்லொக் ஹோம்ஸின் நண்பர் டொக்டர் வொட்சனும் 2012இல் தொடங்கிய ‘எலிமென்டரி’ தொடரில் ஜோன் வொட்சன் என்ற பெண்ணாகிவிட்டார். லூசி லியூ நடித்தார்.

இதில் பெரும்பகுதி உடை மாற்றும் வேடிக்கைதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முடியை நீட்டமாக வரைந்து, நிறத்தை மாற்றி, ‘இதோ பெண்’ என்று விட்டுவிடுவார்கள். அதில் படிக்க ஒன்றும் இல்லை. கதை விழுகிற இடம்தான் படிக்க வேண்டிய இடம்.

எங்கள் கதை முதல் அத்தியாயத்திலேயே விழுந்தது.

‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வந்தது என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். தொடக்கத்தில் ஆடிப்பெருக்கு நாளில் வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் போகிறான். தனியாகப் போகிறான். ஆதித்த கரிகாலன் கொடுத்த ஓலைகள் அவனிடம் இருக்கின்றன. ஒன்று சக்கரவர்த்திக்கு, மற்றது குந்தவைக்கு. ஏரிக்கரையில் நின்று வேடிக்கை பார்க்கிறான், கண்டவர்களோடு பேசுகிறான், இரவானதும் நண்பன் கந்தமாறனின் கடம்பூர் மாளிகையில் தங்கப் போகிறான். மிகச் சாதாரணமான பயணம். வாசிக்கும்போது எனக்கு எதுவுமே உறுத்தவில்லை. வாசிப்பது நானாக இருந்தும், பதின்மூன்று வயதில் அந்தக் குதிரையில் நானும் ஏறித்தான் போனேன். நான் பெண் என்பது அப்போது எனக்கு நினைவே வரவில்லை.

வந்தியத்தேவி என்று பெயர் வைத்ததும்தான் அந்த வீதி வேறு வீதியாயிற்று.

இடைவேளையில் வகுப்பறையிலேயே ஒத்திகை பார்த்தோம். கடம்பூர் வாசலில் காவலர்கள் வந்தியத்தேவனைத் தடுப்பார்கள், அவன் குதிரையோடு உள்ளே பாய்வான், கைகலப்பு நடக்கும், கந்தமாறன் ஓடிவந்து விலக்குவான். காவலாளியாக நின்ற தோழி தன் வசனத்தைச் சொல்ல வாயெடுத்து, என்னைப் பார்த்து, நிறுத்திவிட்டாள். பிறகு தானாகவே கேட்டாள்: “நீங்க ஆரோட வந்த?”

அந்தக் கேள்வி புத்தகத்தில் இல்லை. எங்கள் தாளிலும் இல்லை. அவளுக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. எனக்கும் பதில் தெரியவில்லை. வந்தியத்தேவனைப் பார்த்து, யாரோடு வந்தாய் என்று கல்கி எந்த வாசலிலும் கேட்க வைக்கத் தேவையிருக்கவில்லை. நீ யார், எங்கே போகிறாய், என்ன அடையாளம் கொண்டுவந்தாய் என்பவைதான் அவனுக்கான கேள்விகள். அவற்றுக்கு வாளாலும் பொய்யாலும் பதில் சொல்லலாம். ‘ஆரோட வந்த’ என்பதற்கு வாளால் பதில் சொல்ல முடியாது.

மூன்று நாள் இதில் மினக்கெட்டோம். வந்தியத்தேவிக்குத் துணையாக ஓர் அண்ணனை அனுப்பிப் பார்த்தோம். இரண்டு பக்கத்தில் அண்ணன் கதாநாயகனாகிவிட்டான், அவள் குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். அன்றிரவு கடம்பூரில் குரவைக் கூத்து நடக்கிறதே, கூத்துக்காரிகளோடு கூட்டமாக உள்ளே போகட்டும் என்றாள் ஒருத்தி. உள்ளே போய்விடலாம், ஆனால் கந்தமாறனின் சிநேகிதியாக விருந்து மண்டபத்தில் உட்கார முடியாது.

கடைசியில் வழி கல்கியின் புத்தகத்திலேயே இருந்தது. அன்றிரவு பழுவேட்டரையரோடு ஒரு மூடுபல்லக்கு கடம்பூருக்கு வருகிறது. உள்ளே இருப்பது அவருடைய இளையராணி நந்தினி என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நள்ளிரவுக் கூட்டத்தில் திரை விலகும்போது வெளியே வருபவன் மதுராந்தகன்! நாடு முழுவதும் யாரும் கண்டுகொள்ளாமல் ஓர் இளவரசன் பயணம் செய்ய வேண்டுமென்றால் அவன் ஒரு பெண்ணின் வழியைத்தான் இரவல் வாங்க வேண்டியிருக்கிறது. மூடுபல்லக்கின் திரையை விலக்கிப் பார்க்க எந்தக் காவலனுக்கும் துணிவு வராது. நான் இந்த நாவலை இரண்டு தடவை வாசித்திருக்கிறேன். வந்தியத்தேவனைப் பெண்ணாக்கிப் பார்க்கும் வரை அந்தப் பல்லக்கு எனக்கு ஒரு மர்மமாக மட்டுமே தெரிந்தது. அது ஓர் ஆண் பயன்படுத்திக்கொண்ட பெண்ணின் திரை என்று தோன்றவில்லை.

ஆகவே எங்கள் வந்தியத்தேவியும் பல்லக்கில் வந்தாள். ஓலைகள் மடியில். வாசலில் யாரும் தடுக்கவில்லை. ஒரே மாளிகையில் இரண்டு மூடுபல்லக்குகள் என்றால் நள்ளிரவில் சிற்றரசர்கள் தவறான பல்லக்கின் முன் நின்று “இளவரசே” என்று கூப்பிட வேண்டும் என்று அப்பம் சாப்பிட்டவள் சொன்னாள். அதற்குப் பிறகு அன்றைக்கு ஒத்திகை நடக்கவில்லை.

இதை நாங்கள்தான் முதலில் கண்டுபிடித்தோம் என்று நினைத்துவிடக் கூடாது. டீச்சர் எங்களுக்கு ஒரு பழைய படத்தின் கதையைச் சொன்னார். 1928இல் அமெரிக்காவில் ‘த ஃப்ரன்ட் பேஜ்’ என்று ஒரு நாடகம் மேடையேறியது. ஹில்டி ஜோன்சன் என்ற பத்திரிகை நிருபர், கலியாணம் முடித்துக்கொண்டு இந்த ஓட்டமான தொழிலை விட்டுப் போகத் தீர்மானிக்கிறான். அவனைப் போகவிடாமல் பத்திராதிபர் எல்லாத் தந்திரமும் செய்கிறார். இயக்குநர் ஹோவர்ட் ஹோக்ஸ் இதைப் படமாக்க நினைத்தபோது நிருபரின் வசனத்தை ஒரு பெண் வாசிக்கக் கேட்டாராம். பெண் குரலில் அது இன்னும் நன்றாக இருப்பதாக அவருக்குப் பட்டது. 1940இல் வந்த ‘ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே’ படத்தில் ஹில்டி ஒரு பெண். ரொசலின்ட் ரஸல் நடித்தார்.

எழுதியவரை தீர்மானம் ஒன்றுதான்: கலியாணம் முடிக்கிறேன், வேலையை விடுகிறேன். ஆண் ஹில்டி சொன்னால், ஒரு வேலையை விட்டு இன்னொரு வேலைக்குப் போகிறான். விளம்பரத் துறையில் அவனுக்கு ஓர் இடம் காத்திருக்கிறது. பெண் ஹில்டி சொன்னால், எழுதுவதையே விட்டு மாமியார் வீட்டுக்குப் போகிறாள். ஒரே வாக்கியத்துக்கு இரண்டு விலை. வசனத்தை மாற்றாமலே பொருள் மாறுகிற இடம் இது. எங்கள் காவலாளித் தோழிக்கு நடந்தது இதன் மறுபக்கம்: பொருள் மாறியதால் வசனம் தானாக மாறியது.

ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வூல்ஃப் 1929இல் வெளியிட்ட ‘எ ரூம் ஒஃப் வன்ஸ் ஓன்’ நூலில் ஒரு கற்பனைப் பெண்ணைப் படைக்கிறார். ஷேக்ஸ்பியருக்கு அவரளவு திறமையுள்ள, ஜூடித் என்ற ஒரு சகோதரி இருந்திருந்தால் என்று தொடங்கி, அண்ணன் போன வழியெல்லாம் தங்கையை அனுப்பிப் பார்க்கிறார். பாடசாலை வாசலில் அவள் நிற்கிறாள். கலியாணப் பேச்சில் நிற்கிறாள். லண்டனுக்கு ஓடிப்போனாலும் நாடகக் கொட்டகை வாசலில் ஆண்கள் சிரிக்கிறார்கள். இளவயதிலேயே அவள் கதை முடிந்துவிடுகிறது. வூல்ஃப் செய்ததும் கடம்பூர் வாசலில் நாங்கள் செய்ததும் ஒரே வேலைதான், அவர் எங்களைவிட நன்றாகச் செய்தார் என்பதைத் தவிர.

ஆனால் இவர்கள் எல்லோருக்கும் முன்பே, 1905இல், நம் பக்கத்துப் பெண் ஒருவர் ஒரு பாத்திரத்தை அல்ல, ஒரு நாட்டையே தலைகீழாக மாற்றிப் பார்த்துவிட்டார். ரொகேயா சகாவத் ஹுஸைன். இன்றைய பங்களாதேஷில் ரங்பூர் பக்கம் பைராபந்தில் 1880இல் பிறந்த முஸ்லிம் பெண். ‘சுல்தானாவின் கனவு’ என்ற அவருடைய ஆங்கிலக் கதை வெளிவந்தது மதராஸில், கமலா சத்தியநாதன் நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மேகஸின்’ இதழில். வங்காளத்து முஸ்லிம் பெண்ணின் கதை தமிழ்நாட்டில் அச்சேறியது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

சுல்தானா கதிரையில் சாய்ந்தபடி கண்ணயர்கிறாள். ஸாரா என்ற தோழி வந்து வெளியே அழைத்துப் போகிறாள். பட்டப்பகல். வீதியெல்லாம் பெண்கள். கூச்சத்தோடு நடக்கும் சுல்தானாவைப் பார்த்து அங்குள்ள பெண்கள் சிரிக்கிறார்கள். ‘ஆம்பிளை மாதிரி’ இருக்கிறாளாம். அந்த நாட்டில் வெட்கமும் பயமும் ஆண்களின் குணங்கள்! ஆண்கள் ‘மர்தானா’ என்ற உள்வீட்டில் இருந்து சமைக்கிறார்கள், பிள்ளை பார்க்கிறார்கள். சூரிய வெப்பத்தில் அடுப்பெரிகிறது, மேகத்திலிருந்து நீர் எடுக்கிறார்கள், ஆகாயத்தில் வாகனம் பறக்கிறது. எல்லாம் பெண்கள் பல்கலைக்கழகங்களின் கண்டுபிடிப்பு. அலுவலக வேலை நாளுக்கு இரண்டே மணித்தியாலம். ஆண்கள் செய்த காலத்தில் ஏன் அவ்வளவு நேரம் எடுத்தது? சுருட்டுக் குடித்தே ஆறு மணித்தியாலம் போய்விடுமாம்.

இதை வகுப்பில் வாசித்தபோது சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. ஆனால் இரண்டாம் தடவை வாசித்தபோது எனக்கு ஒரு சங்கடம் வந்தது. அடைத்துவைக்கும் கதவு அப்படியே இருக்கிறது, உள்ளே இருப்பவர்கள்தான் மாறியிருக்கிறார்கள். ரொகேயாவுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. அடைபட்டு வாழ்வது எவ்வளவு விசித்திரம் என்று, அதற்குப் பழகிப்போனவர்களுக்குக் காட்ட வேறு என்ன செய்வது? உள்ளே ஆண்களை வைத்தால்தான் கதவு கண்ணுக்குத் தெரிகிறது. பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். ரொகேயா மார்க்கத்தை விட்டு விலகியவர் அல்லர். பர்தா பேணிக்கொண்டே 1911இல் கல்கத்தாவில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கான பாடசாலையை நடத்தத் தொடங்கி, 1932இல் இறக்கும்வரை அதற்காகவே உழைத்தவர்.

தமிழில் தேடினால் இன்னும் பழைய வழி ஒன்று தெரிகிறது. அகப்பாடல்களில் தலைவியின் குரலில் பேசும் புலவர்களில் பலர் ஆண்கள் என்பது உயர்தரத் தமிழ் படிக்கும் எவருக்கும் தெரியும். கபிலர் தலைவியாகப் பேசும்போது நமக்குக் கபிலரின் நினைவே வருவதில்லை. பாரதியார் 1917இல் வெளிவந்த ‘கண்ணன் பாட்டு’ நூலில் ஒரே கண்ணனைத் தாயாக்குகிறார், தந்தையாக்குகிறார், சேவகனாக்குகிறார், கண்ணம்மா என்ற குழந்தையாகவும் காதலியாகவும் ஆக்குகிறார். கண்ணனைக் காதலனாகப் பாடும்போது கவிஞரே பெண்ணாகிவிடுகிறார். அங்கே பால் மாறுவதால் கதவு ஒன்றும் அடைபடவில்லை. அன்பின் வகைதான் மாறுகிறது. நம் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்திலும் இது உண்டு. தொண்டிக்கு அருகே குணங்குடியில் பிறந்த மஸ்தான் சாகிபு, இறைவனை மனோன்மணி என்ற பெண்ணாக அழைத்துக் கண்ணிகள் பாடினார். அல்லாஹ் ஆணும் அல்லன், பெண்ணும் அல்லன். அந்தப் பெண் ஓர் உருவகம். ஆனாலும் முதன்முறை கேட்டபோது உம்மா “அஸ்தஃபிருல்லாஹ்” என்றார். பிறகு, “அவ்வளவு ஏக்கமா அவருக்கு?” என்றும் கேட்டார். இலக்கிய விமர்சனத்தில் எனக்கு அதைவிட நன்றாகச் சொல்லத் தெரியாது.

நாடகம் நடந்தது. மற்ற ஆண் பாத்திரங்களை வேஷமில்லாமல் கதிரையில் அமர்ந்து வாசித்தார்கள். என் உம்மா இரண்டாம் வரிசையில் இருந்தார். வீட்டுக்கு வரும் வழியில், உட்துறைமுக வீதியில் நடக்கும்போது, “எல்லாம் சரி. அந்தப் புள்ள அந்த ராவைக்குப் பொறகு எப்படி ஊட்டுக்குப் போச்சு?” என்று கேட்டார்.

நான் நின்றுவிட்டேன். நாங்கள் பன்னிரண்டு பேர் இரண்டு கிழமை உட்கார்ந்து யோசித்தும் அந்தக் கேள்வி எங்களுக்கு வரவில்லை. அவளை எப்படி உள்ளே அனுப்புவது என்பதே எங்கள் கவலையாக இருந்தது. எப்படித் திரும்பி வருவாள் என்பது ஒரு தாய்க்குத்தான் தோன்றும். ‘ஆரோட வந்த’ என்ற கேள்வியில் நான் ஒரு காவலனை மட்டுமே கண்டிருந்தேன். உம்மா கேட்டபோது அதே கேள்விக்குள் வேறொருவர் இருந்தார்.

வாப்பாவிடமும் கேட்டேன். அவர் படகு இயந்திரம் திருத்துபவர், கடலைப் பற்றி அவரிடம்தான் கேட்க வேண்டும். கல்கியின் கதையில் கோடிக்கரையிலிருந்து இலங்கைக்கு இரவில் தனியே படகு செலுத்துபவள் பூங்குழலி என்ற பெண். வந்தியத்தேவன் அதில் பயணி மட்டும்தான். நம் துறைமுகத்தில் ஒரு பெண் தனியே படகெடுத்துப் போவதை நான் பார்த்ததில்லை. கல்கி பெண்ணாக எழுதியது சரியா, ஆணாக மாற்றினால்தான் பொருந்துமா என்று கேட்டேன். வாப்பா கையிலிருந்த கிறீஸைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். “ஆம்புளையோ பொம்புளையோ, ராவைக்குத் தனியாக் கடலுக்குப் போற ஆளுக்குப் புத்தியில்ல. ரெண்டு பேர் போகணும். இஞ்சின் நிண்டா ஒராள் பாக்க, ஒராள் புடிக்க வேணும்” என்றார். பூங்குழலி துடுப்புத்தான் வலிக்கிறாள், இஞ்சின் இல்லை என்றேன். “அப்ப இன்னும் புத்தியில்ல” என்றார்.

இந்தப் பயிற்சியைச் செய்ய விரும்பும் தோழியருக்கு ஒரு யோசனை. கதைப்பாத்திரத்தோடு நிறுத்தாமல் உங்களையே ஒருநாள் மாற்றி எழுதிப் பாருங்கள். ‘நேற்று’ என்று தலைப்பிட்டு, நீங்கள் ஆணாகப் பிறந்திருந்தால் நேற்றைய நாள் எப்படிப் போயிருக்கும் என்று ஒரு பக்கம். கற்பனையை அவிழ்த்துவிடாமல், உங்கள் வீட்டில் உண்மையில் நடக்கக்கூடியதை மட்டும் எழுத வேண்டும். நாங்கள் எழுதினோம். முதலில் வாசித்தவர்களின் பக்கங்கள் எதிர்பார்த்தபடியே இருந்தன. மஃரிபுக்குப் பிறகு டச்சுக்குடாக் கரையில் காற்று வாங்கப் போனேன், மூதூர்ப் படகில் தனியே ஏறி மாமி வீட்டுக்குப் போய் வந்தேன், டியூஷன் முடிந்து எந்த வழியாலும் வந்தேன், ஒருவரும் கேட்கவில்லை. எல்லாமே கொஞ்சம் பொறாமையோடு எழுதிய பக்கங்கள்.

ஆறாவதாக எழுந்தவளின் பக்கத்தில் நான்கு வரிதான் இருந்தது. தான் ஆணாகப் பிறந்திருந்தால் நேற்று இந்த வகுப்பில் இருந்திருக்க மாட்டேன் என்று எழுதியிருந்தாள். அவளுடைய சகோதரர்கள் இருவரும் சாதாரண தரத்தோடு வேலைக்குப் போனவர்கள். அவள் பெண் என்பதால்தான் படிக்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள்.

என் பக்கத்தை நான் வாசிக்கவில்லை. மடித்து வைத்துவிட்டேன். நானும் படகுப் பயணம்தான் எழுதியிருந்தேன்.

எங்கள் வீட்டுப் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகமும் காக்காவுடையது. சாதாரண தரத்தில் தமிழுக்கு ‘ஏ’ எடுத்தவர். அந்த வருடம்தான் வாப்பாவின் வலது கை இயந்திரப் பட்டியில் அகப்பட்டது. ஆறு மாதம் கையைத் தூக்க முடியவில்லை. பெறுபேறு வந்த கிழமை காக்கா ஸ்பானரை எடுத்தார். அவரை யாரும் எடுக்கச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்கு அப்போது பதினொரு வயது. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. இப்போது அவர் கத்தாரில் இருக்கிறார். என் டியூஷன் காசு அங்கிருந்துதான் வருகிறது. கொலைவாள் என்ற மூன்றாம் பாகத்தின் நடுவில் ஒரு பழைய மூதூர்ப் படகுச் சீட்டு இருக்கிறது. அவர் அத்தோடு நிறுத்தியிருக்கிறார். நான் அந்தச் சீட்டைத் தாண்டி இரண்டு தடவை வாசித்தும், அது ஏன் அங்கே இருக்கிறது என்று யோசித்ததில்லை.

நாடகத்தைப் பற்றி அவருக்கு வட்ஸ்அப்பில் குரல் பதிவாக எல்லாம் சொன்னேன். மீசை, பல்லக்கு, உம்மாவின் கேள்வி, எல்லாம். வெள்ளிக்கிழமை பதில் வந்தது. நிறையச் சிரித்திருந்தார். கடைசியில், “அப்ப என்னயும் ஒருக்கா மாத்தி எழுது. நான் பொம்புளப் புள்ளயாப் பொறந்திருந்தா ஏ எல் எடுத்திருப்பன் என்ன?” என்றார். பிறகு காற்றுச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

எழுதத் தொடங்கியிருக்கிறேன். அதில் காக்கா ராத்தாவாக இருக்கிறார், நான் தம்பியாக இருக்கிறேன். வாப்பாவின் கை மட்டும் அதிலும் அகப்படுகிறது, அதை மாற்ற எனக்கு வழி தெரியவில்லை. ராத்தா பெறுபேற்றுத் தாளோடு வாசலில் நிற்கிறாள். ஸ்பானர் திண்ணையில் கிடக்கிறது. தம்பிக்குப் பதினொரு வயது.

போன மாதம் விடுமுறை முடிந்து கத்தாருக்குத் திரும்பிய அயல்வீட்டுக்காரர் ஒருவரிடம் மூன்றாம், நான்காம், ஐந்தாம் பாகங்களைக் கொடுத்து அனுப்பினோம். உம்மா அவற்றைத் தொதல் பொதியோடு சேர்த்துக் கட்டினார். படகுச் சீட்டை நான் எடுக்கவில்லை, அது இருந்த பக்கத்திலேயே இருக்கிறது.